போட்டுக்குள்ள தண்ணி எங்கேர்ந்து வருது: ஒரு சம்மர் முழுக்க தேடுன அனுபவம்

போன மே மாசம் ஒரு பழைய 14 அடி அலுமினியம் போட் வாங்குனேன். ரிவெட் அடிச்ச டைப், ட்ரெய்லரோட, பின்னாடி 9.9 எச்பி மோட்டார். கனடால 10 எச்பியும் அதுக்கு மேலயும் இருந்தா போட்டுக்கு லைசென்ஸ் நம்பர் எடுக்கணும், அதனால இங்க சின்ன போட்ல நெறைய இந்த 9.9தான் பாக்கலாம். நாங்க இருக்கறது டொராண்டோ பக்கத்துல ஏஜாக்ஸ்ல, ஒரு மணி நேரத்துல சிம்கோ ஏரி. பொண்ணுக்கு ஒம்பது வயசு, அவளுக்கு பெர்ச் மீன் புடிக்க கத்துக் குடுக்கணும்னுதான் வாங்குனதே.

முதல் ட்ரிப்ல ரெண்டு மணி நேரம் கழிச்சு அவ "அப்பா, கார்பெட் ஈரமா இருக்கு"ன்னா. கால வச்சு அமுக்கிப் பாத்தா தண்ணி பொங்கி வருது. கையில பெயிலர் இருந்துச்சு, 750 மில்லி புடிக்கணும்னு இங்க ரூலே இருக்கு, அத வச்சு எறச்சு எறச்சு கரைக்கு வந்து சேந்தோம். அன்னைக்கு எனக்கு வந்த பயம் கொஞ்ச நஞ்சமில்ல, லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் கொழந்தை கொழந்தைதான்.

எல்லாரும் மொதல்ல சந்தேகப்படுறது ட்ரெய்ன் பிளக்க, அதாவது உள்ள சேர்ற தண்ணிய வடிக்க பின்னாடி அடில இருக்கற ஓட்டைய அடைக்கற மூடிய. நானும் அதத்தான் பாத்தேன். ஒன்டாரியோல 2022 ஜனவரிலேர்ந்து போட்ட ரோட்டுல இழுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி பிளக்க கழட்டி தண்ணி எல்லாம் வடிச்சிடணும், ஒரு ஏரியோட ஸீப்ரா மஸல்ங்கற சின்ன சிப்பி மாதிரி சமாச்சாரம் இன்னொரு ஏரிக்குப் போகக்கூடாதுன்னு. நல்ல ரூல்தான், ஆனா ஒவ்வொரு தடவையும் கழட்டி மாட்டி கழட்டி மாட்டி அந்த ரப்பர் வெடிச்சுப் போயிருந்துச்சு. புதுசு மாத்துனேன். தண்ணி கொறஞ்சுது, நிக்கல.

அடுத்து நான் பண்ணது பெரிய தப்பு. தரைய தூக்கிப் பாக்காம, கண்ணுக்குத் தெரிஞ்ச ரிவெட் வரிசை மேல எல்லாம் பாத்ரூமுக்குப் போடுற சிலிக்கான தடவிட்டேன். ரெண்டு வாரத்துல உரிஞ்சு வந்துச்சு. தயவுசெஞ்சு இத மட்டும் யாரும் பண்ணாதீங்க, சிலிக்கான் தொட்ட எடத்துல அப்புறம் பெயிண்டும் புடிக்காது எபாக்ஸி பசையும் புடிக்காது. தடவுனது ஒரு மணி நேரம், சுரண்டி எடுக்க எனக்கு மூணு சாயங்காலம் ஆச்சு.

ஜூன்ல ஊர்லேர்ந்து மாமனாரும் அத்தையும் வந்தாங்க. மாமாவுக்கு நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டை, முப்பது வருஷத்துக்கு மேல கடல் தொழில். டிரைவ்வேல நிக்கிற போட்ட ஒரு சுத்து சுத்தி வந்து, அணியத்துலேர்ந்து அமரம் வரைக்கும், அதாவது முன்முனைலேர்ந்து பின்முனை வரைக்கும், கையால தடவிப் பாத்துட்டு, "மாப்ள, தண்ணி நிக்கிற எடம் வேற, வர்ற எடம் வேற. மொதல்ல எப்ப வருதுன்னு பாருங்க, எங்கங்கறது அப்புறம்"னாரு. மர வள்ளத்துக்குப் பலகை இடுக்குல பஞ்சத் திரிச்சு அடிச்சு கலப்பத்து பண்றப்போ கூட, கண்ட எடத்துல அடிச்சா நல்லாருக்கற இடுக்கும் வாய் தொறந்துக்கும்னு சொன்னாரு.

அவர் சொன்ன மாதிரியே பண்ணோம். ஏரில ராம்ப் பக்கத்துல டாக்குல கட்டி, உள்ள ஸ்பாஞ்சால சுத்தமா தொடச்சிட்டு, யாரும் ஏறாம அரை மணி நேரம் விட்டோம். பிளக் ஓட்டை பக்கம் ஸ்பாஞ்ச வச்சு எடுத்து பக்கெட்ல பிழிஞ்சா ஒரு டம்ளர் தண்ணி. அப்புறம் நானும் மாமாவும் பின் சீட்ல ஒக்காந்து அரை மணி நேரம், இப்ப ரெண்டு லிட்டருக்கும் மேல. அப்புறம் பத்து நிமிஷம் ஓட்டிட்டு வந்து பாத்தோம், இன்னும் ஜாஸ்தி. இதுலேர்ந்தே பாதி புரிஞ்சு போச்சு: சும்மா நிக்கும்போது வர்றது கீழ ஏதோ ஒரு சின்ன கசிவு, வெயிட் ஏறுனா வர்றது பின்னாடி கொஞ்சம் ஒசரத்துல இருக்கற ஒரு ஓட்டை, ஆள் ஒக்காந்தாதான் அது தண்ணிக்குள்ள முங்குது. அப்ப ஒண்ணு இல்ல, ரெண்டு எடமாச்சும் இருக்கு.

வீட்டுக்கு வந்து தரைய பிரிச்சோம். கார்பெட்டுக்குக் கீழ பிளைவுட், அதுக்குக் கீழ மிதக்கறதுக்காக கம்பெனிலயே வச்ச ஃபோம். வெயிட்டே இல்லாம இருக்க வேண்டிய ஃபோம், ஒரு துண்ட பாத்ரூம் தராசுல வச்சா 11 கிலோ! வருஷக்கணக்கா தண்ணி குடிச்சிருக்கு. இதனாலதான் போட் எப்பவும் பின்பக்கம் தாழ்ந்தே நின்னிருக்கு, தாழத் தாழ மேல இருக்கற ஓட்டையும் தண்ணிக்குள்ள போயிருக்கு.

அப்புறம் வெளில தேடாம, உள்ள தண்ணி ஊத்தி வெளில பாக்கற முறை. இதுல ஒரு எச்சரிக்கை, ஒரு லிட்டர் தண்ணின்னா ஒரு கிலோ, நெறைய ஊத்துனா ட்ரெய்லர் தாங்காது, போட்டும் வளையும். நாங்க மூணு இன்ச்சுக்கு மேல ஊத்தல, அதுக்கே சுமாரா 200 கிலோ வந்துருக்கும், ட்ரெய்லருக்கு அடில நாலு பக்கமும் கட்டை வச்சோம். ஊத்தறதுக்கு முன்னாடி மாமா பொண்ணோட கலர் சாக்பீஸ வாங்கி, அடிப்பக்கம் ரிவெட் வரிசை பூரா அழுத்தித் தேச்சிட்டாரு. ஈரம் பட்டா சாக்பீஸ் கறுத்துப் போகும்ல, சொட்டு விழுற எடத்த பாக்காதீங்க, கறுப்பு எங்க ஆரம்பிக்குதோ அதப் பாருங்கன்னாரு. நெஜமாவே சொட்டு ஒரு எடத்துல விழுது, ஆனா கறுப்புக் கோடு அங்கேர்ந்து ஒரு முழம் முன்னாடி ஒரு ரிவெட்டோட ஓரத்துல கடுகு சைசுல ஆரம்பிக்குது. சாயங்காலத்துக்குள்ள ஏழு ரிவெட்ட மார்க்கர் வச்சு வட்டம் போட்டோம், அதுல ஆறு ரிவெட் ஏரா ஓரமாவே, அதாவது அடில நடுவுல நீளமா ஓடற முதுகெலும்பு ஓரமாவே இருந்துச்சு.

ராத்திரி தண்ணிய வடிச்சு தொடச்சு வச்சிட்டுப் படுத்தோம். காலைல மாமா எனக்கு முன்னாடி எழுந்து போயிருக்காரு, கூப்டுறாரு, போய்ப் பாத்தா டிரான்ஸம், அதாவது மோட்டார் மாட்டுற பின் பலகை, அதோட அடிலேர்ந்து டீ டிகாஷன் கலர்ல ஒரு கோடு பிளக் ஓட்டைய நோக்கி வந்துருக்கு. "நாம ஊத்துனது பைப் தண்ணி, தெளிவா இருந்துச்சு. இது மரத்துக்குள்ள ஊறுன தண்ணி மாப்ள"ன்னாரு. வெளில போய் ஓஸ் பைப்ப எடுத்து டிரான்ஸத்துல கீழேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா மேல ஏத்திக்கிட்டே அடிச்சோம். அடிலேர்ந்து எட்டு இன்ச் ஒசரத்துல, யாரோ முன்னாடி ஃபிஷ் ஃபைண்டர் ஒயர புடிச்சு வக்க கிளிப் போட்டு அப்புறம் கழட்டிட்டுப் போன ரெண்டு ஸ்க்ரூ ஓட்டை, பெயிண்ட்ல மறைஞ்சு கண்ணுக்கே தெரியல, அங்க தண்ணி பட்ட பத்து நிமிஷத்துல உள்ள டிகாஷன் வர ஆரம்பிச்சிடுச்சு. டேப் ஒட்டி அடிச்சோம், நின்னுச்சு. எங்களுக்கு வந்த சந்தோஷத்துல ரெண்டு பேரும் டீ கூட குடிக்காம வேலைய ஆரம்பிச்சிட்டோம்.

ரிவெட் வேலைக்கு ரெண்டு ஆள் கட்டாயம் வேணும். மாமா கீழ படுத்து நாலு பவுண்டு சம்மட்டித் தலைய வெளிப்பக்க ரிவெட் தலைல அழுத்திப் புடிக்க, நான் உள்ளேர்ந்து அதோட வால சுத்தியலால சின்னச் சின்ன அடியா அடிச்சேன். ஓங்கி அடிச்சா ஓட்டை பெருசாயிடும். நாலு இறுகிடுச்சு, மூணு ஆடிக்கிட்டே இருந்துச்சு, அத ட்ரில் பண்ணி எடுத்துட்டு ஒரு சைஸ் பெருசா புது ரிவெட், மெரைன் சீலண்ட் தடவி. பாப் ரிவெட் போடறதா இருந்தா முனை மூடுன டைப்தான் வாங்கணும், சாதாரணதுல நடுவுல ஓட்டை இருக்கும், அதுலேயே தண்ணி வரும். அப்புறம் உள்பக்கம் ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால தேச்சு அசிட்டோன்ல தொடச்சு, உடனே, தள்ளிப் போடாம, மெல்லிசான எபாக்ஸி ஒரு கோட். ஹீட் கன்னால லேசா சூடு காட்டுனா தண்ணி மாதிரி எளகி ரிவெட் இடுக்குல தானா எறங்குது, பாக்கவே நல்லா இருந்துச்சு.

டிரான்ஸம் மரம் உள்ள பூரா போயிருந்துச்சு, ஸ்க்ரூ டிரைவர வச்சா ஊறுன ரஸ்க்ல எறங்குற மாதிரி எறங்குது. முக்கால் இன்ச் மெரைன் பிளை ரெண்ட ஒட்டி, ஓரம், ஓட்டையோட உள்சுவர் எல்லாத்துலயும் எபாக்ஸி குடுத்து மாட்டுனோம். கடைல மலிவா கெடைக்கற, மருந்து ஏத்துன பச்சை கலர் மரத்த சிலர் போடச் சொல்லுவாங்க, வேண்டாம், அதுல செம்பு இருக்கு, ஈரத்துல செம்பு அலுமினியத்த அரிச்சிடும். ஃபோம் இல்லாமலே ஓட்டலாம்னு ஒருத்தர் சொன்னாரு, எனக்கு அதுல கொஞ்சமும் சம்மதமில்ல, போட் முங்குனா ஆள மெதக்க விடறது அந்த ஃபோம்தான். புது ஃபோம் போட்டு, அடில தண்ணி ஓடறதுக்கு வழியும் விட்டேன்.

ஆகஸ்ட் ரெண்டாவது வாரம் மறுபடி தண்ணி ஊத்தி, கீழ நியூஸ்பேப்பர் விரிச்சு ராத்திரி பூரா விட்டோம். காலைல ஒரே ஒரு நனைஞ்ச வட்டம், பிளக் மாட்டுற பித்தளை வளையத்துக்கு நேர் கீழ. கழட்டி, சுத்தம் பண்ணி, புதுசா சீலண்ட் வச்சு ரெண்டு நாள் காய விட்டோம். மொத்தச் செலவு சுமாரா 400 டாலர்.

மாமா ஊருக்குக் கெளம்புறதுக்கு நாலு நாள் முன்னாடி சிம்கோ போனோம். மூணு மணி நேரம், நாலு பேர், பொண்ணு 14 பெர்ச் புடிச்சா. கரைக்கு வந்து ஸ்பாஞ்ச பிழிஞ்சா அரை டம்ளர் வந்துச்சு. மாமா வெரல வச்சு மோந்து பாத்து "மீன் தண்ணி, போட் தண்ணி இல்ல"ன்னாரு.

இப்ப அக்டோபர். தண்ணி ஒறஞ்சா 9 சதவீதம் விரியும், ரிவெட் இடுக்குல நின்னு ஒறஞ்சா நாங்க அடிச்சதெல்லாம் மறுபடி தளந்துடும். அதனால பிளக்க கழட்டி, அணியத்த ஒரு அடி ஒசத்தி, மேல தார்ப்பாய் கட்டி வச்சிருக்கேன். மாமாவுக்கு போட்டோ அனுப்புனேன், இன்னும் அரை அடி ஒசத்துங்கன்னு பதில் போட்டிருக்காரு.