தங்கூசியால் தைத்த கொடிகள்

கார்த்திகை மழைக்குப் பொலித்தீன் கொடி ஒரு நாள் தாங்காது. போரில் இறந்த புலிப் போராளிகளை நினைக்கும் மாவீரர் நாளான நவம்பர் 27 மாலை யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் கட்டுவோம். விடிந்தால் வாய்க்காலில் சிவப்பும் மஞ்சளுமாகக் கிழிசல்கள். அவர்களின் கல்லறைகள் இருந்த துயிலுமில்லக் காணியில் இப்போது இராணுவ முகாம். அண்ணாவுக்குக் கல்லறையும் இல்லை, கொடியாவது சேற்றில் கிடக்கக்கூடாது.

அமெரிக்காவின் ஆர்லிங்டன் படைவீரர் மயானத்தில், மே மாத நினைவு நாளுக்காகக் கல்லறைக்கு ஒரு சப்பாத்து நீளம் தள்ளிச் சிறு கொடி நடுவார்கள். நாள் முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். அந்த எடுக்கும் வேலைதான் எனக்குப் பிடித்தது.

இம்முறை பொலியெஸ்டர் துணி. பருத்தி ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். காற்றில் படபடக்கும் ஓரம்தான் முதலில் பிரியும்; அதை இரண்டு தரம் மடித்துத் தங்கூசியால், அதாவது நைலோன் இழையால், தைத்தேன். விரலில் மூன்று குத்து.

கழுவிய கொடிகள் விறாந்தைக் கொடியில் தொங்குகின்றன. அம்மா றங்குப் பெட்டியைத் திறந்துவைத்துவிட்டு, காய்ந்துவிட்டதா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்.