அலகுக்கு வேலை வேண்டும்

"ஒன்றையொன்று கொத்திப் புண்ணாக்குகின்றன, அலகை வெட்டிவிடுங்கள் சார்." தர்மபுரி மாவட்டத்துக் கிராமங்களில் கால்நடை ஆய்வாளராகப் பணியாற்றிய காலத்தில் மருந்தகத்தில் நான் ஓயாமல் கேட்ட கோரிக்கை இது. பெரும்பாலும் பெண்கள்தான் வருவார்கள். முட்டைக் காசு அவர்களுடைய கைச்செலவுக் காசு. பிள்ளையின் நோட்டுப் புத்தகமும் மளிகைக் கடைச் சில்லறைப் பாக்கியும் அதில்தான் தீரும். ஆகவே ஒரு கோழி கெட்டாலும் எனக்கு அது சின்ன விஷயமாகத் தோன்றியதில்லை. ஆனால் அலகை வெட்டுவதற்கு முன்னால் கோழியைக் கையில் வாங்கி, இறகு எந்த இடத்தில் போயிருக்கிறது என்று பார்ப்பேன். பாதிக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

முதுகின் நடுவில் மட்டும் இறகு தேய்ந்திருந்தால் அது சேவல் மிதித்ததால் வந்தது. எட்டுப் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும்; நான்கு பெட்டைகளுக்கு இரண்டு சேவல் இருக்கும் வீடுகளில் முதுகு வெறுமையாகத்தான் இருக்கும். கழுத்தில் இறகு போய், அதே இடத்தில் ஊசி ஊசியாகப் புது இறகு முளைத்திருந்தால் அது ஆண்டுதோறும் நடக்கும் இறகு உதிர்ப்பு. வைத்தியம் எதுவும் தேவையில்லை. கொண்டையிலும் தலையிலும் காயம் என்றால் யார் பெரியவள் என்ற சண்டை. நார்வே நாட்டு விலங்கியலாளர் தோர்லைஃப் ஷெல்டெருப்-எப்பே 1921-இல் எழுதிக் காட்டிய, யார் யாரைக் கொத்தலாம் என்ற கொத்தும் வரிசைக்கான சண்டை இதுதான். சந்தையில் வாங்கிய புதுக் கோழியைப் பகலில் நேராக உள்ளே விட்டால் இந்தச் சண்டை மூளும். சில நாள் வலைக்கு அப்பால் கண்ணில் படும்படி வைத்திருந்து, பிறகு இரவில் கூட்டில் சேர்த்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

வாலின் அடியிலும் பின்பக்கத்திலும் இறகு பிடுங்கப்பட்டிருந்தால்தான் கவலை. அங்கே கொத்தும் கோழிக்குக் கோபம் எதுவும் இல்லை. தரையில் புழு பொறுக்கும் அதே நிதானத்தோடு பக்கத்துக் கோழியின் இறகைப் பிடுங்கித் தின்னும். பிடுங்கப்படுவதும் சில வேளை அசையாமல் நிற்கும். ரத்தம் கண்டுவிட்டாலோ கூட்டமே சேர்ந்துகொள்ளும். முட்டையிட்ட கையோடு எச்சத் துவாரம் சிவந்து வெளித்தள்ளி இருக்கும் நேரத்தில் கொத்து விழுந்தால் குடலைக்கூட இழுத்துவிடும்.

இதற்கு மூலம் நாம் கோழி வளர்க்கும் முறை மாறியதில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. முன்பு கோழி விடிந்ததும் குப்பைமேட்டுக்குப் போய்விடும். அடையும் வரை கிளறுவதும் பொறுக்குவதுமே அதன் பிழைப்பு. இன்று பக்கத்துத் தோட்டத்து நாற்றைக் கிளறிவிட்டது என்ற சச்சரவுக்கும், நாய்க்கும் கீரிக்கும் பயந்து நைலான் வலைக்குள் அடைக்கிறோம். அடைப்பதில் தவறில்லை. ஆனால் தட்டில் கொட்டிய தீவனத்தைச் சற்று நேரத்தில் தின்று முடித்த கோழிக்கு மீதிப் பகலெல்லாம் அலகுக்கு வேலையில்லை. கொத்தாமல் இருக்க அதற்குத் தெரியாது. மண்ணில் கிடைக்காததை அடுத்த கோழியின் இறகில் தேடுகிறது.

பென்னாகரம் பக்கத்தில் ஒரு வீடு. தகரக் கூரையின் கீழே வலைக்குள் கிராமப்பிரியா இனப் பெட்டைகளும் சில அசில் இனக் கோழிகளும் நெருக்கியடித்து நின்றன. சித்திரை வெயில். தீவனம் மக்காச்சோளமும் தவிடும் மட்டுமே. "வயிறு நிறையத்தான் போடுகிறேன்" என்றார் அந்த அம்மா. வயிறு நிறைந்தது உண்மை. ஆனால் இறகு என்பது ஏறக்குறைய முழுக்கப் புரதம். முட்டையிடும் கோழிக்குத் தீவனத்தில் பதினாறு முதல் பதினெட்டு சதவீதம் புரதம் வேண்டும், மக்காச்சோளத்தில் அதில் பாதிதான் தேறும். உப்புச் சத்து குறைந்தாலும் இறகையும் ரத்தத்தையும் நாடும். கடலைப் புண்ணாக்கும் கொஞ்சம் கருவாட்டுத் தூளும் சேர்க்கச் சொன்னேன். கருவாட்டிலேயே உப்பு இருப்பதால் தனியாக அள்ளிப் போட வேண்டாம் என்றும் சொன்னேன். உப்பு மிகுந்தால் கோழிக்கு நஞ்சு.

மற்ற யோசனைகள் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவைதான். பழைய பானையில் சாணமும் வைக்கோலும் கிழிந்த சாக்கும் திணித்து, கரையான் இருக்கும் இடத்தில் இரவு கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் ஏறியிருக்கும். அதைத் தரையில் தட்டினால் கோழிகளின் பரபரப்பைப் பார்க்க வேண்டும்! அகத்திக் கொத்தையும் முருங்கைக் கொத்தையும் கோழியின் தலை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். தானியத்தைத் தட்டில் கொட்டாமல் சருகுக்குள் இறைத்தோம். புரண்டு குளிக்க ஒரு மூலையில் சாம்பலும் மண்ணும். செள் என்ற ஒட்டுண்ணி கடித்தாலும் இறகைப் பிய்க்கும் என்பதால் கூட்டின் இடுக்குகளையும் பார்த்தோம். காயம்பட்டவற்றைப் பஞ்சாரத்தில் பிரித்து, நீல மருந்து தடவினோம். அது புண்ணை ஆற்றுவதோடு சிவப்பையும் மறைத்துவிடும்.

சில வாரங்களில் கொத்து நின்றது. ஆனால் பல கோழிகள் அப்போதும் அலங்கோலமாகவே இருந்தன. வேரோடு பிடுங்கப்பட்ட இறகு சீக்கிரம் முளைக்கும். பாதியில் ஒடிந்தது அடுத்த இறகு உதிர்ப்பு வரை அப்படியேதான் நிற்கும். தோற்றத்தைப் பார்த்துக் குணமாகவில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது என்று அந்த அம்மாவிடம் அழுத்திச் சொல்லிவிட்டு வந்தேன்.

அலகு வெட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய முட்டைப் பண்ணைகளில் குஞ்சுப் பருவத்திலேயே சூடான தகட்டில் நுனியை வெட்டுகிறார்கள். அலகு வெறும் நகம் போன்றதன்று. உள்ளே நரம்பும் ரத்தமும் ஓடுகின்றன, வலி உண்டு. கொல்லையில் பொறுக்கித் தின்ன வேண்டிய கோழிக்கு அது கையை வெட்டியதற்குச் சமம். வீட்டுக் கோழிக்கு அதைச் செய்ய எனக்கு மனம் ஒப்பியதே இல்லை.

முட்டை தின்னும் பழக்கம் வேறு வகையில் தொடங்குகிறது. பெரும்பாலும் முதல் முட்டை தானாக உடைந்ததாகத்தான் இருக்கும். ஓடு மெலிந்திருக்கும், அல்லது ஒரே கூடையில் இரண்டு கோழிகள் மோதியிருக்கும். ஒருமுறை ருசி கண்ட கோழி பிறகு தானே உடைக்கும். மற்றவையும் பார்த்துப் பழகும். கோடையில் இது அதிகம். கோழி வாய் திறந்து இரைக்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, ஓடு உருவாகத் தேவையான கார்பனேட்டும் குறைகிறது. வெயிலில் தீவனமும் சரியாக எடுக்காது. ஓட்டின் பெரும்பகுதி இரவில்தான் படிகிறது. அதனால் கிளிஞ்சல் தூளை மாலையில் தனிக் கிண்ணத்தில் வைக்கச் சொல்வேன். முட்டை ஓட்டைப் போடுவதானால் வறுத்து, நன்றாக நொறுக்கிப் போட வேண்டும்.

முட்டைக்குள் மிளகாய்த் தூள் அடைத்து வைக்கும் வைத்தியத்தைப் பல ஊர்களில் பார்த்தேன். பயனில்லை, ஏனென்றால் மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை. கிளிகள் மிளகாய்ப் பழத்தை ஆசையாகக் கொறிப்பதைத் தோட்டக்காரர்கள் அறிவார்கள். அதைவிட முட்டை வடிவிலான வெள்ளைக் கூழாங்கல் நல்லது. கொத்திக் கொத்திப் பார்த்து அலுத்துப் போகும். நான்கைந்து கோழிகளுக்கு ஒரு முட்டைக் கூடை, இருட்டான மூலை, அடியில் வைக்கோல் தடிமனாக. பெரும்பாலான கோழிகள் முற்பகலிலேயே இட்டுவிடுவதால் அந்த நேரத்தில் இரண்டு மூன்று முறை போய் எடுத்துவிட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கோழி மட்டும் அடங்காமல் இருப்பதுண்டு. அலகில் காய்ந்த மஞ்சள் கரு ஒட்டியிருக்கும், அடையாளம் காண்பது எளிது. அதைத் தனியே பிரித்து, அது இடும் முட்டை உருண்டு எட்டாத இடத்துக்குப் போகும்படி சாய்தளம் உள்ள கூண்டில் விடலாம். அதற்கு வசதியில்லாத வீடுகளில், மற்றவை கற்றுக்கொள்வதற்குள் அந்த ஒன்றை விற்றுவிடுங்கள் என்றே சொல்லியிருக்கிறேன்.