கார் இல்லை, முற்றமும் இல்லை, டவுன் இருக்கிறது

இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுன் மெயின் ரோட்டில் ஒரு கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் குடியிருக்கிறோம். மூத்தவளுக்கு 12 வயது, சின்னவனுக்கு 8. அவர்களுடைய அப்பா கொழும்பில் வேலை, மாதத்தில் ஒருதரம் வருவார். வீட்டில் கார் இல்லை என்றதும் சொந்தக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி, "அப்ப பிள்ளைகளை எப்படிக் கூட்டிக்கிட்டுப் போற?" கூட்டிக்கொண்டு போவதில்லை, அவர்களே போய்வருகிறார்கள்.

கார் வேண்டாம் என்று கொள்கை வைத்திருக்கிற குடும்பம் என்று நினைக்க வேண்டாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025இல்தான், அதற்குள் பத்துப் பதினைந்து வருடம் ஓடிய குட்டிக் காரின் விலையும் எங்களுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. சரி, எப்படியோ வாங்கினாலும் நிறுத்துவது எங்கே? கீழ்க் கடைக்குச் சாமான் இறக்க வருகிற லொறிக்கே இடமில்லாமல் தினமும் சண்டை. 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது கார் வைத்திருந்தவர்களும் எங்களைப் போலத்தான் நடந்தார்கள். ஸ்கூல் வேன்கள் ஓடாமல், கடைசியில் பள்ளிக்கூடங்களையே மூடும் நிலை வந்ததே, ஞாபகம் இருக்கும்.

"அந்தக் காலத்துல நாங்க எத்தனை மைல் நடந்தோம், வேனா இருந்துச்சு?" என்று பெருமை பேசுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் மழையில் அட்டைக்கடியோடு, வழுக்குகிற குறுக்குப் பாதையில் இறங்கிப் பள்ளிக்கூடம் போனது வேறு வழி இல்லாததால்தான். இன்றைக்கும் அப்படிப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தூரத்தைக் காரணம் காட்டி ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட பெண்பிள்ளைகள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைக்க எனக்கு வாய் வராது. சொல்லிக்கொடுத்து, கூடவே நடந்து, பிறகு கையை விடுவதுதான் நான் செய்கிறது.

முதலில் மூத்தவளை முன்னால் நடக்கவிட்டு நான் பின்னால் போனேன். எங்கே கடப்பது, எப்போது கடப்பது எல்லாம் அவள் முடிவு, நான் வாய் திறக்கக் கூடாது. சொல்லும்போது லேசாக இருக்கிறது, செய்யும்போது உயிர் போகும். மெயின் ரோடு என்பது அவிசாவளையிலிருந்து நுவரெலியா போகிற ஏ7 பாதை, அந்த வாகனம் எல்லாம் எங்கள் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். அதிலும் டிசம்பரிலிருந்து மே வரை சிவனொளிபாத மலை யாத்திரை சீசன். ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஓட்டிவந்த, இந்த ஊர் வளைவு தெரியாத டிரைவர்கள். அதனால் சீசனில் மஞ்சள் கடவையில் நின்றாலும் வாகனம் நின்று, டிரைவருடைய முகம் இவளைப் பார்த்த பிறகுதான் காலை வைக்க வேண்டும். அந்த ஒரு பழக்கம் ஊறுவதற்குத்தான் ரொம்ப நாள் பிடித்தது.

அப்புறம் பாண் வாங்க அனுப்பினேன், மிச்சக் காசை எண்ணி வாங்கப் பழக்கினேன். அதற்கப்புறம் கொட்டகலையில் இருக்கிற சித்தி வீட்டுக்குப் பஸ். பஸ்ஸில் சொல்லிக்கொடுக்க நிறைய இருக்கிறது. ஏறும்போதே கண்டக்டரிடம் இறங்குகிற ஹோல்ட்டைச் சொல்லிவிட வேண்டும், ஒரு ஹோல்ட் முந்தியே எழும்பி வாசல் பக்கம் வர வேண்டும், ஆனால் பஸ் சுத்தமாக நிற்கும் வரை மிதிபலகையில் கால் வைக்கவே கூடாது. நாவலப்பிட்டி, கண்டிப் பக்கம் போகிற பஸ் என்றால் சிங்களத்தில் கேட்கவும் தெரிய வேண்டும். டியூஷனில் ஏறாத சிங்களம் கண்டக்டர்களிடம் வாயாடி வாயாடியே இவளுக்கு வந்துவிட்டது. போன் கொடுப்பதில்லை. என் நம்பர், சித்தி நம்பர், பொலிஸ் 119, சிறுவர் உதவிக்கு 1929, இந்த நான்கும் மனப்பாடம்.

மாடி வீட்டில் ஓடியாட இடம் கிடையாது. சின்னவன் ஒரு துள்ளுத் துள்ளினால் கீழேயிருந்து கடைக்கார அண்ணன் கூரையைத் தட்டுவார். (உடுப்புக் காயவைக்கிற கஷ்டத்தைத் தனியாக எழுத வேண்டும், ஹட்டன் பனிமூட்டத்தில் ஒரு பள்ளிக்கூடச் சட்டை காய்வதற்குள் அடுத்த கிழமை வந்துவிடும்.) அதே அண்ணன்தான் இவன் டன்பார் மைதானத்துக்கு பந்தோடு போனால் எத்தனை மணிக்குப் போனான், யாரோடு போனான் என்று எனக்குச் சொல்கிறவரும். பேக்கரி அக்கா, ஸ்டாண்ட் ஆட்டோக்காரர்கள் என்று நாலு பேரிடம் நானே கூட்டிப்போய் "இது என் பிள்ளை" என்று காட்டிவைத்திருக்கிறேன். காருக்குள் உட்கார்ந்து போகிற பிள்ளையை இவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

மூத்தவள் பெரிய பிள்ளையானதும்தான் நிஜமான சண்டை தொடங்கியது. அதுவரை "கெட்டிக்காரி" என்றவர்கள் எல்லோரும் "இனி தனியா அனுப்பாத" என்றார்கள். பஸ்ஸில் இடிக்கிறவன், உரசுகிறவன் இருக்கிறான், தெரியும், எனக்கும் நடந்திருக்கிறது. அதற்கு அவளை வீட்டில் வைப்பது என்றால் தண்டனை யாருக்கு? அவளிடம் சொன்னது இதுதான்: பெண்கள் பக்கத்தில் உட்கார், யாராவது கை வைத்தால் வெட்கப்படாமல் சத்தம் போடு, கண்டக்டரைக் கூப்பிடு, ஆள் நடமாட்டம் உள்ள ஹோல்ட்டில் இறங்கு, வீட்டுக்கு வந்து என்னிடம் சொல், நான் திட்டமாட்டேன். கடைசி வரிதான் முக்கியம். திட்டுவார்கள் என்று பயந்தே எத்தனை பிள்ளைகள் சொல்லாமல் விடுகிறார்கள். மகனுக்கும் பெண்பிள்ளைகளிடம் எப்படி நடக்க வேண்டும் என்று இப்போதே சொல்லி வருகிறேன், அது யாருக்கும் தோன்றுவதில்லை.

முடியாது என்று நான் சொல்கிற இடங்களும் உண்டு. ரயில் பாதையில் நடக்கவே கூடாது. இங்கே பெரியவர்களே தண்டவாளத்தைக் குறுக்கு வழியாகப் பாவிக்கிறார்கள், கொட்டகலைப் பக்கம் சிங்கமலைச் சுரங்கம் வேறு, பையன்களுக்கு அதற்குள் போய்ப் பார்க்க ஆசை. இன்னொன்று மழை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலையகம் முழுக்க மண் சரிந்து, வீதியும் ரயில் பாதையும் உடைந்ததைப் பார்த்த பிறகு, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எங்கள் பக்கத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டால் சித்தி வீடும் கிடையாது, டியூஷனும் கிடையாது. எச்சரிக்கை மஞ்சளா சிவப்பா என்று பார்த்துச் சொல்வது இப்போது சின்னவனுடைய வேலை.

இப்போது மூத்தவள் கண்டியில் இருக்கிற மாமா வீட்டுக்குத் தனியாகப் பஸ்ஸில் போகக் கேட்கிறாள். அவள் அப்பா ஓ லெவல் பரீட்சை முடியட்டும் என்கிறார். நான் நாவலப்பிட்டி வரை முதலில் போய்வரட்டும் என்கிறேன். அவளோ இருவரையும் விட்டுவிட்டு, ஸ்டாண்டில் போய்க் கண்டி பஸ் நேரம் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள்.