செயின்ட் ஹெலன்ஸ்: பனிக்கு அடியில் பிழைத்த மரங்கள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலைக்குக் கிழக்குப் பக்கமாகவும் ஒரு சாலை போகிறது. அடர்ந்த காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறி, விண்டி ரிட்ஜ் என்ற முகட்டில் முடியும். போகிற வழியில் ஓரிடத்தில் பெருமரங்கள் சட்டென்று நின்றுவிடுகின்றன. அதற்கப்பால் புதிதாக முளைத்த செடிகளுக்கும் இளமரங்களுக்கும் நடுவே, வெளுத்துப்போன பழைய அடிமரங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடக்கின்றன. வெடிப்பு எந்தப் பக்கமிருந்து வந்தது என்று யாரும் சொல்லவே வேண்டாம்.

1980 மே 18, காலை 8:32. அதற்கு முன்பு ஏறக்குறைய இரண்டு மாதங்களாக, உள்ளே ஏறிய எரிமலைக் குழம்பு மலையின் வடக்கு முகத்தை நாளுக்கு ஒன்றரை மீட்டருக்கும் மேல் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அன்று 5.1 அளவில் ஒரு நிலநடுக்கம் வந்ததும் அந்த முகம் அப்படியே சரிந்தது. பதிவான வரலாற்றில் மிகப்பெரிய நிலச்சரிவு அதுதான். உள்ளே அடைபட்டிருந்த அழுத்தத்துக்கு மேலே போக வேண்டிய தேவையே இல்லாமல் போனது, பக்கவாட்டில் பீறிட்டது. சுமார் 600 சதுர கிலோமீட்டர் காடு நாசமானது. 2,950 மீட்டர் உயர மலை 2,549 மீட்டராகக் குறைந்தது.

இறந்தவர்கள் 57 பேர். அது ஞாயிற்றுக்கிழமை. வேலை நாளாக இருந்திருந்தால் மரம் வெட்டும் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் அந்தக் காட்டுக்குள் இருந்திருப்பார்கள். இதைத் தெரிந்துகொண்டு அங்கே நிற்பது வேறு மாதிரி இருக்கிறது.

சாலையோரத்தில் நசுங்கித் துருப்பிடித்த கார் ஒன்றை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். அதில் வந்த குடும்பம் பக்கத்து மரக்குடிலில் இருந்தபோது இறந்துபோனது. அங்கே நிற்கையில் எனக்குப் பேச்சே வரவில்லை.

அந்தக் காருக்குப் பக்கத்திலேயே மீட்டா ஏரி. பலரும் முகட்டுக்குப் போகும் அவசரத்தில் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இந்தப் பயணத்தில் கிடைத்த பெரிய விஷயமே இதுதான். மே மாதமாகியும் இங்கே பனி உருகாமல் ஆழமாகக் கிடந்திருக்கிறது. நிமிர்ந்து நின்ற பெரிய மரங்கள் எல்லாம் விழுந்துவிட, பனிக்கு அடியில் புதைந்திருந்த சின்ன ஃபிர் கன்றுகள் பிழைத்துக்கொண்டன. ஏரியின் பனிக்கட்டிக்கு அடியில் தவளைகளும் மீன்களும்கூடத் தப்பின. வெடிப்பு சில வாரங்கள் தள்ளி வந்திருந்தால் இவை எதுவும் மிஞ்சியிருக்காது.

மனிதர்களிலும் அப்படி ஒரு கதை உண்டு. மலைக்கு வடக்கே 10 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த கண்காணிப்பு இடத்தில் அன்று காலை இருந்தவர் டேவிட் ஜான்ஸ்டன் என்ற 30 வயது எரிமலை ஆய்வாளர். "வான்கூவர்! வான்கூவர்! இதுதான்!" என்று, அதே மாநிலத்தின் வான்கூவர் நகரில் இருந்த ஆய்வு மையத்துக்கு ரேடியோவில் சொன்னதுதான் அவருடைய கடைசிப் பேச்சு. உடல் கிடைக்கவே இல்லை. அதுவரை அந்த இடத்தில் இருந்தவர் ஹாரி கிளிக்கன். முந்தின நாள் மாலைதான் பொறுப்பை மாற்றிக்கொண்டு கிளம்பியிருந்தார். 1991இல் ஜப்பானின் உன்சென் எரிமலையில் அவரும் இறந்தார்.

முகட்டுக்குப் போனால் கீழே ஸ்பிரிட் ஏரி. சரிந்த மலையின் ஒரு பகுதி இதற்குள் விழுந்தபோது தண்ணீர் எதிர்ச்சரிவில் 200 மீட்டருக்கும் மேலே ஏறி, திரும்பி வரும்போது விழுந்த மரங்களையெல்லாம் வாரிக்கொண்டு வந்தது. அந்த மரங்கள் ஆயிரக்கணக்கில் இன்னமும் மிதக்கின்றன. காற்று மாறினால் கூட்டமாக ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நகர்கின்றன. நான் பார்த்தபோது வடக்குக் கரையோரம் ஒதுங்கியிருந்தன. தூரத்திலிருந்து தரை என்றே நினைக்கத் தோன்றும்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று: இந்தச் சாலை பனிக்காலம் முழுவதும் மூடியிருக்கும், கோடையில்தான் திறப்பார்கள். கிளம்பும் முன் சாலை நிலவரம் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், மீட்டா ஏரியில் வண்டியை நிறுத்துங்கள்.