உடம்பில் செல் பீஸ் (வெடித்த எறிகணையின் துண்டு) இருந்தால் எம்ஆர்ஐ ஸ்கானுக்கு முதலே சொல்லிவிடுங்கள்

வன்னியில் விசுவமடுவில் இருந்து விடிய நாலரைக்கு வெளிக்கிட்டு, பரந்தனில் பஸ் மாறி, நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் வலைப்பந்து விளையாடி அடிபட்ட வலது காலைப் பிடித்துக்கொண்டு, முழங்காலுக்கு எம்ஆர்ஐ ஸ்கான் எடுக்க யாழ்ப்பாணம் போனேன். அதை எடுக்காமலே பின்னேரம் வீடு வந்து சேர்ந்தேன். அன்றைய ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அங்கே ஒரு படிவம் தந்தார்கள். உடம்பில் உலோகம் ஏதும் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று போட்டேன். பொய் சொல்ல நினைக்கவில்லை. எலும்புக்கு வைக்கிற பிளேட், ஸ்குரூ, இதயத்துக்கு வைக்கிற கருவி இதுகளைத்தான் கேட்கிறார்கள் என்று எண்ணிவிட்டேன். படிவத்தை வாங்கிப் பார்த்த, அங்கே வேலை செய்கிற தங்கச்சி என் விலாசத்தைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

"அக்கா, கடைசிச் சண்டை நேரம் உள்ளுக்கதான் இருந்தனீங்களோ? பீஸ் ஏதும் இருக்கோ?"

"கெண்டைக்கால்ல ஒண்டு கிடக்கு. சின்னன்தான்."

2009இல், கடைசிச் சண்டை நடந்த மாத்தளனில் செல் வெடித்து ஏறியது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. எடுத்தால் நரம்பு போய்விடும், விட்டால் ஒன்றும் செய்யாது என்றார்கள், விட்டுவிட்டோம். மழைக்குளிருக்கு ஒரு குத்துக் குத்தும், அவ்வளவுதான். அதை ஓர் 'உலோகம்' என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

பீஸ் எங்கே, எவ்வளவு பெரிது என்று காட்டும் எக்ஸ்றேயும் டொக்டரின் கடிதமும் இல்லாமல் உள்ளே விட முடியாது என்று சொல்லிவிட்டாள். நான் அவளோடு சத்தம் போட்டேன். அது தவறு. எம்ஆர்ஐ என்பது பெரிய காந்தம். இரும்பு கலந்த துண்டு கண்ணிலோ மூளையிலோ, நரம்புக்கும் இரத்தக் குழாய்க்கும் பக்கத்திலோ இருந்தால் அசைந்து ஆபத்தாகலாம். ஸ்கான் எடுக்கிற இடத்துக்குக் கிட்ட இருந்தால் படமும் கறுத்துக் கெட்டுவிடும். அந்தப் பிள்ளை தன் வேலையைச் சரியாகச் செய்தாள். என் கோபம் கடிதம் எழுதித் தந்த கிளினிக்கின் மேல்தான். வன்னிச் சனத்துக்கு எம்ஆர்ஐ எழுதும்போது பீஸ் இருக்கா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? எங்கள் வலைப்பந்து அணியில் பிறகு கேட்டுப் பார்த்தேன். பத்துப் பேரில் என்னோடு சேர்த்து மூன்று பேருக்கு இருக்கிறது. அதில் ஒருத்தி அப்போது கைக்குழந்தை.

முழங்காலில் காயம் பட்டது மாசி மாதம், ஒரு சனிக்கிழமை மட்ச்சில். வலைப்பந்தில் பந்தோடு ஓட முடியாது, பிடித்த இடத்திலேயே நிற்க வேண்டும். பாய்ந்து பிடித்து ஒற்றைக் காலில் இறங்கினேன். பாதம் நிலத்தில் நின்றது, உடம்பு திரும்பியது. முழங்காலுக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்றவளுக்கும் கேட்டதாம். வீட்டுக்குப் போக முதலே முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது.

அந்தச் சத்தத்தையும் அந்த வேகமான வீக்கத்தையும் நான் மதிக்காமல் விட்டேன். கணுக்கால் இரண்டு தரம் பிரண்டு சுகமான அனுபவம் இருந்ததால் இதையும் சுளுக்கு என்றே எடுத்துக்கொண்டேன். அம்மா முறிவு நெரிவு பார்ப்பவரிடம் கூட்டிப்போனா. அவர் சூடு காட்டி, எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்தார். அன்றிரவு நோவில் நான் கண் மூடவில்லை. அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாளில் சூடும் உருவுதலும் வீக்கத்தைக் கூட்டும் என்று பிறகுதான் தெரிந்தது. காலை உயர்த்தி வைத்து, பன்டேஜ் சுற்றி, துவாயில் சுற்றிய ஐஸை இருபது நிமிடம் வைத்திருந்தாலே எவ்வளவோ நல்லது. ஊரில் ஐஸுக்கு எங்கே போவது என்று நினைக்காதீர்கள், மீன் வியாபாரியின் பெட்டியில் இருக்கிறது.

திங்கள் ஆஸ்பத்திரி ஓபிடி (வெளிநோயாளர் பிரிவு). எக்ஸ்றே எடுத்தார்கள். "எலும்பில ஒண்டுமில்லை, போகலாம்." நோ மாத்திரை. இந்த 'ஒண்டுமில்லை'யை நம்பி ஆறு கிழமை போனது. எக்ஸ்றேயில் எலும்புதான் தெரியும், எலும்புகளைக் கட்டிவைக்கிற லிகமென்ட் தெரியாது. இதை அன்று யாராவது சொல்லியிருந்தால்! வீக்கம் வற்றியது, நடக்கவும் தொடங்கினேன். ஒருநாள் கிணற்றடியில் வாளியோடு திரும்பும்போது முழங்கால் தானாகக் கழன்றதுபோல் மடிந்து, விழுந்தேன். அதற்குப் பிறகுதான் எலும்பு முறிவுக் கிளினிக். அங்கே டொக்டர் முழங்காலைச் சற்று மடக்கிப் பிடித்து, கீழ்க்காலை முன்பக்கம் இழுத்துப் பார்த்தார். நல்ல காலில் அது ஓர் இடத்தில் டக்கென்று நின்றது. மற்றதில் வழுகிக்கொண்டு வந்தது. அதனால்தான் எம்ஆர்ஐக்கு எழுதித் தந்தார்கள்.

இரண்டாம் தரம் கெண்டைக்கால் எக்ஸ்றேயும் கடிதமும் கொண்டுபோனேன். பீஸ் தசைக்குள் இருக்கிறது, ஸ்கான் எடுக்கலாம் என்று அங்குள்ள டொக்டர் பார்த்துச் சொன்னார். எனக்குச் சரி என்றதால் உங்களுக்கும் சரி என்று இல்லை, ஒவ்வொருவருக்கும் அவர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். உள்ளே படுத்திருந்த அரை மணித்தியாலமும், இயந்திரம் இடிக்கிற சத்தத்துக்குள் நான் கெண்டைக்காலையே கவனித்துக்கொண்டு கிடந்தேன். இழுக்குமோ என்று. இழுக்கவில்லை. வெளியே வந்து அந்தத் தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

முழங்காலுக்குள் இருக்கிற முன் சிலுவை லிகமென்ட் (ஏசிஎல்) முழுதாக அறுந்திருந்தது. ஆடியில், தொடையின் பின்பக்கத் தசைநாரை எடுத்துப் புதிதாகக் கட்டினார்கள். அரச ஆஸ்பத்திரி, காசு இல்லை, நல்ல கவனிப்பு. எல்லாருக்கும் ஒப்பரேஷன் தேவை இல்லையாம். பாய்ந்து திரும்பும் விளையாட்டு வேண்டாம் என்றால் பயிற்சியோடு மட்டும் சமாளிப்பவர்களும் உண்டு. எனக்கு விளையாட்டு வேண்டும்.

பிசியோ மிஸ்தான் எனக்கு எல்லாவற்றையும் பிரித்து விளங்கப்படுத்தினா. லிகமென்ட் எலும்பையும் எலும்பையும் கட்டுவது, அது இழுபட்டால் சுளுக்கு. ஓடும்போது தொடைப் பின்பக்கம் சுரீர் என்றால் அது தசை கிழிவு. பயிற்சியைத் திடீரென்று கூட்டினால் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு நோகும், அதைச் சகித்துக்கொண்டு ஓடினால் எலும்பில் மயிர்வெடிப்பே வரலாம். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெயும் ஒரே ஓய்வும் சரிவராது.

ஒப்பரேஷனுக்கு முதலே வீட்டில் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது, யாரும் சொல்லமாட்டார்கள். குந்தியிருக்கும் கக்கூஸ் என்றால் கொமட் கதிரை ஒன்று இரவல் வாங்கி வையுங்கள். நான் ஆஸ்பத்திரியால் வந்த அன்றுதான் அதை யோசித்தேன், பட்ட பாடு சொல்ல முடியாது. அப்புறம், முதல் கிழமைகளில் காலை மடக்குவதை விட முழுதாக நீட்டுவதே முக்கியம். குதிக்காலின் கீழ் துவாய் சுருட்டி வைத்து, முழங்காலின் பின்பக்கம் படுக்கையில் தொடும்வரை அழுத்த வேண்டும். நோகுது என்று தலையணையை முழங்காலின் கீழ் வைக்காதீர்கள், மடிந்தபடியே இறுகிவிடும். என் தொடை சூம்பிப்போனதைக் கண்டு அம்மா அழுதா. ஒரு கிலோ சீனிப் பையைக் காலில் கட்டித் தூக்கித் தூக்கித்தான் அது திரும்பி வந்தது.

ஒப்பரேஷன் செய்து ஒன்பது மாதம் ஆகும்வரை மட்ச் இல்லை. அதற்கு முன்பு இறங்கினால் திரும்ப அறும் ஆபத்து கூட. மாதம் முடிந்தாலும் போதாது, ஒற்றைக் காலில் பாய்கிற தூரம் நல்ல காலில் பாய்வதில் 90 வீதமாவது வர வேண்டும். நேற்றோடு எட்டு மாதம். மைதானத்தில் அளந்தேன். இடது கால் 130 சென்ரிமீற்றர், வலது 104. இன்னும் பதின்மூன்று வேண்டும். இன்று பின்னேரமும் நாடாவைக் கொண்டு போகிறேன்.