படலைச் சாவியைக் கொடுப்பதற்கு முன்

யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருக்கிற அண்ணாவின் வீட்டை எட்டு மாதம் ஓர் ஆள் பராமரித்தார். அதற்குள் கிணற்று மோட்டார் எரிந்துபோனது. மூன்று மாதம் கரண்ட் பில் கட்டப்படவில்லை. வாடகைக்கு வந்த குடும்பம் கொடுத்த முற்பணம் அண்ணாவின் கைக்கு வரவே இல்லை. அந்த ஆளைத் தேடி அமர்த்தியது நான். அண்ணா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, எனக்குத்தான் இன்னும் மனம் ஆறவில்லை.

அவர் தந்த விசிட்டிங் கார்டில் தங்க எழுத்தில் ஒரு பெயர், அதன் கீழே ‘பிரைவேட் லிமிடெட்’. அதை நம்பித்தான் சாவியைக் கொடுத்தேன். பிரச்சினை வந்த பிறகு, “உங்கட பதிவுப் பத்திரத்தை அனுப்புங்கோ” என்று கேட்டேன். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அது கம்பனிப் பதிவே இல்லை, வியாபாரப் பெயர்ப் பதிவு. தொழிலின் தன்மை என்ற இடத்தில் ‘தொலைபேசி உதிரிப்பாக விற்பனை’ என்று இருந்தது. உரிமையாளர் பெயர் அவருடைய மச்சானின் பெயர். வாடகை போன வங்கிக் கணக்கோ மூன்றாவது ஒருவருடையது.

அண்ணா கனடாவில், ஸ்காபரோவில், கொண்டோ என்கிற அடுக்குமாடி வீடு ஒன்றில் இருக்கிறார். அந்த ஒன்ராறியோ மாகாணத்தில் 2017 நவம்பர் 1 முதல் கொண்டோ நிர்வாகிகளுக்கு உரிமம் கட்டாயம். பொதுப் பதிவேட்டில் பெயரைத் தட்டினால் உரிமம் இருக்கிறதா என்று யாரும் பார்க்கலாம். “இஞ்ச ரெண்டு நிமிசம் காணும் பிள்ளை” என்றார். இலங்கையில் வீடு பராமரிப்பவருக்கென்று அப்படி ஓர் உரிமம் இல்லை. அதற்காகப் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை என்றாகாது.

இந்த முறை புதிதாக ஆள் தேடும்போது ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கம்பனி என்று சொன்னவர்களிடம் பிவி (PV) என்று தொடங்கும் கம்பனிப் பதிவு இலக்கத்தைக் கேட்டு, கம்பனிப் பதிவாளரின் இணையத்தளத்தில் பெயரைத் தேடினேன். இரண்டு பேர் அதோடு கழன்றார்கள். கடைசியில் தனியாகத் தொழில் செய்யும் ஒரு தம்பி சரிவந்தார். வியாபாரப் பெயர்ப் பத்திரத்தைத் தொழில் நடக்கும் இடத்தில் கண்ணில் படும்படி வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அவருடைய சிறிய அறையில் மேசைக்கு நேர் மேலே மாட்டியிருந்தது. பத்திரத்தில் இருந்த பெயர், அடையாள அட்டைப் பெயர், வங்கிப் புத்தகப் பெயர் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிறகு விதானையாரிடமும், அதாவது கிராம அலுவலரிடமும், விசாரித்தேன்.

எங்கட ஊரில் பத்திரம் கேட்டால், “என்ன அக்கா, நம்பிக்கை இல்லையோ” என்று முகம் சுருங்கும். முதல் தடவை அந்த முகத்துக்குப் பயந்துதான் கேட்காமல் விட்டேன். இந்தத் தம்பி முகம் சுருங்கவில்லை.

அடுத்தது ஒப்பந்தம். இதில்தான் நான் மிகவும் பிடிவாதமாக நின்றேன். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, உரிமையாளருக்கு எதிராகப் பத்து வருடம் தடையில்லாமல் காணியை ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். போரில் இடம்பெயர்ந்தவர்களின் காணிகளுக்காக 2016இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டி வந்தது. அனுமதியோடு இருப்பவருக்கு அந்தப் பத்து வருடக் கணக்கு இலேசில் ஓடாது. ஆனால் அனுமதியோடுதான் வந்தார் என்று காட்ட எழுத்து வேண்டும். அதனால் உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போய், அண்ணாவுக்காக, வீட்டைப் பராமரிக்க மட்டும், மாதக் கட்டணத்துக்கு என்று தெளிவாக எழுதிக்கொண்டோம். அண்ணாவுக்குப் பதிலாகச் செயற்படும் அதிகாரப் பத்திரமான அற்றோர்ணித் தத்துவம் என் பெயரில்தான் இருக்கிறது, அதிலும் விற்கும் அதிகாரம் இல்லை. நல்லூர் பிரதேச சபைக்குக் கட்டும் வீட்டு வரியான சோலைவரி ரசீது அண்ணாவின் பெயரிலேயே வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

ஒப்பந்தத்தின் படத்தை அண்ணாவுக்கு அனுப்பினேன். வாசித்துவிட்டு உடனே போன் எடுத்தார். “கிணத்து மோட்டாரையும் எழுதினியோ?” என்று கேட்டார். எழுதியிருந்தேன், நான்காவது பந்தியில். சரி என்றார். அன்று பின்னேரம்தான் தம்பியிடம் படலைச் சாவியைக் கொடுத்தேன்.