கேட்டில் நிற்கும்போது மட்டும்

பாய் அன்று என்னிடம் கேட்டது இரண்டு கேள்விகள் என்பது எனக்கு உறைக்கவே பல நாள் ஆயிற்று. "தம்பி, ஆயில் குறையுது, பின்னாடி லேசா நீலப்புகை வருது, ரயில்வே கேட்டுல நிக்கும்போது மட்டும் ஆயில் லைட்டு மினுக் மினுக்குங்குது, இப்படித்தான் இருக்குமா?" என்று கீழக்கரையிலிருந்து போனில் கேட்டார். "புது வேலை பாய், ரிங்கு இன்னும் உக்காரல, கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும், ஸ்டிக்கைப் பாத்து ஊத்திக்கிட்டு ஓட்டுங்க" என்றேன். புகைக்கும் ஆயில் குறைவதற்கும் அது சரியான பதில்தான். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன். விளக்குக்கு அது பதிலே அல்ல.

அவருடைய ஆம்னி வேனுக்கு, சிலிண்டரை உள்ளே கடைந்து போர் அடித்து, கல்லால் தேய்த்து ஹோனிங் செய்து, புது பிஸ்டன், அதைச் சுற்றி உட்காரும் புது ரிங், புது பேரிங் எல்லாம் போட்டு அப்போது 200 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. ஹோனிங் கல் சிலிண்டர் சுவரில் விட்டுப்போகும் குறுக்குக் கோடுகளின் முனைகள் தேய்ந்து ரிங் அதில் படியும் வரை ஆயில் கொஞ்சம் எரியத்தான் செய்யும். படிவதற்கு லோடு, அதாவது எஞ்சின் சிரமப்பட்டு இழுக்கும் சுமை, வேண்டும். எரியும் வாயுவின் அழுத்தம்தான் ரிங்கைச் சுவரோடு தள்ளுகிறது என்பதால், புது எஞ்சினை நிறுத்திவைத்து மணிக்கணக்கில் ஐடிலில் ஓடவிட்டால் சுவர் கண்ணாடிபோலப் பளபளத்து, பிறகு ஆயில் குடிப்பதை நிறுத்தவே முடியாது. எங்கள் கடற்கரையிலோ ரோடு உள்ளங்கைபோல் தட்டை. ஏற்றம் என்று சொல்ல 1988-இல் திறந்த பாம்பன் ரோட்டுப் பாலத்தை விட்டால் வேறொன்றும் கிடையாது. அதனால் என்னிடம் எஞ்சின் வேலை பார்த்த எல்லோருக்கும் சொல்வதையே பாய்க்கும் சொன்னேன்: பாலத்தில் மூன்றாவது கியரில் அழுத்தி ஏறுங்கள், இறங்கும்போது காலை எடுத்துவிடுங்கள், 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றிவிடலாம். அது கச்சான் என்கிற மேல்காற்று வீசும் காலம் என்பதால் திரும்பும் வழியில் காற்றே எதிர்நின்று லோடு கொடுக்கும் என்று பெருமையாகச் சொன்னதும் நினைவிருக்கிறது.

அவர் சொன்னபடியே ஓட்டினார். ராமேஸ்வரத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பும்போது, 340 கிலோமீட்டர் ஆகியிருந்த வண்டியில் உச்சிப்புளிக்குப் பக்கத்தில் அடியிலிருந்து டக் டக்கென்று சத்தம் வர, அங்கேயே அணைத்துவிட்டார்.

எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பைக் கழற்றினேன். மூன்றாவது சிலிண்டரின் பிஸ்டன் தண்டு கிராங்கோடு சேரும் இடத்திலுள்ள பிக் எண்ட் பேரிங்கில் மேலே இருக்கும் வெள்ளை உலோகம் தேய்ந்து செம்பு தெரிந்தது. ஆயில் பம்பின் ரிலீஃப் வால்வு, அழுத்தம் மிஞ்சினால் மட்டும் திறந்து ஆயிலைத் திருப்பிவிட வேண்டியது, சற்றே திறந்தபடி சிக்கிக் கிடந்தது. வால்வுக்குள் நகரும் பிளஞ்சரின் பக்கத்தில் நகத்தை ஓட்டினால் மட்டும் தட்டுப்படும் ஒரு கீறல். அது உட்காரும் விளிம்பில் கண்ணிமை மயிர் அளவுக்கு ஓர் இரும்புச் சுருள். வேகமாக ஓடும்போது பம்பு தள்ளும் ஆயில் அந்தக் கசிவை மிஞ்சிவிடும். சூடேறி ஆயில் நீர்த்தபின், வண்டி நின்று ஐடிலில் துடிக்கும்போதுதான் அழுத்தம் படுத்துவிடும். அதாவது, கேட்டில் நிற்கும்போது மட்டும். நோய் இன்னதென்று பாயே போனில் சொல்லிவிட்டிருந்தார்.

என் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. உப்புக்காற்றில் ஆயில் சுவிட்ச்சும் அதன் வயரும் கெட்டு, ஒரு குறையும் இல்லாத எஞ்சினில் விளக்கு எரிவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் வயர் உரசி எர்த் ஆகிற விளக்கு எந்த வேகத்திலும் மினுக்கும். கேட் பார்த்து மினுக்காது. அதோடு, ஓட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோவை ஒட்டி இருக்க வேண்டிய அழுத்தம் அரைக் கிலோவுக்கும் கீழே விழுந்தபின்தான் அந்த விளக்கு கண் விழிக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல; பட்டறைப் பையன்களுக்கு நானே சொல்லிக்கொடுப்பதுதான். சுவிட்ச்சைக் கழற்றி அந்தத் துளையில் பிரஷர் கேஜை முறுக்கினால் பத்து நிமிட வேலை. கேஜ் சுவரில் ஆணியில் தொங்கியது. அதன் ஹோஸ் வெடித்து ஒரு வருடமாகியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். "வண்டியைக் கொண்டுவாங்க" என்று சொல்ல என் வாய் வராததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்தச் சுருள் எங்கிருந்து வந்தது என்று இன்றும் முடிவுக்கு வர முடியவில்லை. லேத் பட்டறையில் பிளாக்கைச் சரியாகக் கழுவாமல் கொடுத்திருக்கலாம். கழுவிக் கொடுத்தாலும் ஆயில் ஓட்டைகளில் பிரஷ் விட்டு மண்ணெண்ணெய் ஊற்றி ஊத வேண்டியது பூட்டுகிறவன் வேலை. ஊதினேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த வாரம் மூன்று எஞ்சின்கள் பிரித்துக் கிடந்தன.

பாய் சத்தம் போடவில்லை. "நீங்க சொன்னபடிதானே தம்பி ஓட்டுனேன்" என்று மட்டும் சொன்னார். "வால்வு சிக்கிக்கிச்சு பாய்" என்றேன். இதுவும் பொய்யல்ல. கிராங்கை மறுபடி கடைந்து, வேலைக்கூலி வாங்காமல் பூட்டிக்கொடுத்தேன். பேரிங் பணத்தில் பாதியை அவர் வற்புறுத்திக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டேன். வாங்கியிருக்கக் கூடாதோ என்று தோன்றும். வாங்காவிட்டால் தப்பு முழுவதும் என்னுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அப்போது நினைத்தேனோ என்னவோ.

இப்போது யார் விளக்கு என்று சொன்னாலும் "உடனே அணைச்சுடுங்க, நான் வர்றேன்" என்கிறேன். போன மாதம் தொண்டிப் பக்கம் ஒருவர் அப்படியே நடுவழியில் அணைத்துவிட்டுக் கல்யாண வாடகையை இழந்தார். நான் புது ஹோஸ் போட்ட கேஜோடு போய்ப் பார்த்தால், கெட்டிருந்தது சுவிட்ச். அவருக்கு என் மேல் இன்னும் கோபம். பாய்க்கு அன்று சொன்ன பதில் இவருக்குப் பொருந்தியிருக்கும்.

பாய் இப்போதும் ஆயில் மாற்ற என்னிடம்தான் வருகிறார். வந்ததும் எஞ்சினை அணைப்பதில்லை. சூடான வண்டியை ஐடிலில் விட்டுவிட்டு ஸ்டியரிங்குக்குப் பின்னால் அப்படியே உட்கார்ந்திருப்பார். நான் ஜன்னல் வழியாகக் குனிந்து நிற்பேன். ஒரு நிமிடம் போல இருவரும் அந்தச் சிவப்பு விளக்கு இருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். அது எரிவதில்லை. அதன்பிறகுதான் அவர் சாவியைத் திருப்புவார்.